முழங்கால் உயரம்

மிதுனாவின் குளிர்ச்சட்டைக் கை விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. போன மாரிக்கு வாங்கியது. அப்போது மணிக்கட்டோடு நின்றது. தோய்த்ததில் நீண்டுவிட்டதாக்கும் என்று சிவநாயகி தன்னைத் தேற்றிக்கொண்டாள். தோய்த்த துணி சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

பனிநாட்டுத் தலைநகரின் புறநகரான ஹொல்ம்லியாவில், நாலாம் மாடி வீட்டில் தாயும் மகளும் மட்டுந்தான். சிவநாயகியின் கணவன் இறந்து ஆறு வருடம். மிதுனாவுக்கு வடக்கே துரொம்சோவில் வேலை கிடைத்திருந்தது; தை மாதம் போகவேண்டும். போகுமுன் அம்மாவுக்கு ஓரிடம் காட்டவேண்டும் என்றுதான் எகிப்துக்குக் கூட்டிப்போனாள்.

நம்மவர்களுக்குக் கல் ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தால் போதும், கை தானாகக் குவியும். அங்கே லக்ஸர் கோயிலில் சிவநாயகிக்கும் குவிந்தது. உள்ளங்கைகளைத் தொடையில் பதித்து அமர்ந்திருந்த அரசனின் பிரம்மாண்டமான சிலை. அவன் காலோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில், ஒரு பெண். மகளாயிருக்கலாம் என்றார் வழிகாட்டி. கொடுத்துவைத்தவன், பிள்ளை காலடியை விட்டு அசையவில்லை என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. யாரும் பாராத நேரம், கைப்பையிலிருந்த திருநீற்றை அந்தப் பெண்ணின் பாதத்தில் பூசி நேர்த்தி வைத்தாள். என் பிள்ளையும் இப்படியே என்னோடு நிற்கவேண்டும்.

திரும்பி வந்து மூன்று கிழமை. எவ்வளவு கூட்டினாலும் மகளின் கட்டிலடியில் மெல்லிய மஞ்சள் தூசி சேர்ந்தது. வீடு முழுக்க வெயிலில் காய்ந்த கல்லின் வாசம், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே. டொக்டர் மிதுனாவின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு மிதுனா வேலைக்குப் போகவில்லை. கதவுச் சங்கிலியை எட்ட அவளுக்குக் கதிரை தேவைப்பட்டது. ஆள் சிறுக்கச் சிறுக்க நடை மட்டும் கனத்தது. அம்மிக்கல்லை இழுப்பதுபோல் அந்தச் சத்தம் வீட்டு நடைக்கூடம் நெடுக வந்தது.

பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிய ஒரு நாள், சோபாவின் அருகே வந்து நின்று மகள் கேட்டாள்.

"அம்மா, அங்கை அந்தச் சிலையிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"நீ என்னோடை நிக்கவேணுமெண்டு கேட்டனான், பிள்ளை. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"பதிலுக்கு என்ன தாறனெண்டு சொன்னனீங்கள்?"

சிவநாயகி நினைத்துப் பார்த்தாள். பொங்கலோ, பாற்குடமோ, ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கோயிலிலும் மறக்காதவள் அங்கே மறந்துவிட்டாள். எடுப்பதை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சாமியறைக்கு ஓடி, கேட்டது வேண்டாம், பிள்ளையைத் திருப்பித் தா என்று அழவேண்டும். எழும்பப் பார்த்தாள்.

கால் எழவில்லை.

கீழே ரயில் ஒன்று நகரத்துக்குப் போனது. அதன் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து மறைந்தது. மகளின் மூச்சு கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"மிதுனா."

தூசி வாசம். முழங்காலின் பக்கத்தில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்க்கக் கழுத்து வளையவில்லை. எதிரே, அணைந்திருந்த தொலைக்காட்சியின் கறுப்புக் கண்ணாடியில்தான் தெரிந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய உருவம். தொடைகளில் பதிந்த உள்ளங்கைகள். அதன் காலோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில், கண்களைத் திறந்தபடி, மிதுனா.