ஷார்ஜாவில் ஒரு நீலப்புள்ளி

மஜீதா செல்போனை மேசைமேல் வைத்தாள். வரைபடத்தில் ஒரு நீலப்புள்ளி. சுற்றிலும் அகலமான வட்டம். இடம் ஷார்ஜா.

"எம் மகன் ஜாபர் சாதிக், மேடம். நேத்து மத்தியானம் வீட்ல சோறு தின்ன புள்ளயக் காணோம். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு ஷார்ஜா பயணம். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்ங்குது. போற புள்ள எங்கன இருக்கான்னு தெரியட்டும்னு லொகேஷன் ஷேர் பண்ண வச்சேன். அது மட்டும் ஓடுது. வேலைக்கு அனுப்புற ஏஜெண்டு கடத்திட்டானோ?"

ராமநாதபுரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் முருகலட்சுமி திரையைப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்?"

மஜீதா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"அப்ப கள்ளத்தோணிதான்!" என்றான் உதவியாளன் காளிதாஸ்.

"ஏலே, ஒரு நாள்ல எந்தத் தோணி ஷார்ஜா போகும்?" என்றாள் முருகலட்சுமி.

"போலீசு வேணாம் லாத்தா, மானம் போயிரும்" என்றான் கூட வந்த மஜீதாவின் தம்பி பாக்கர். போன மாதம் ஷார்ஜாவிலிருந்து திரும்பியவன். உச்சிப்புளிக்கு வெளியே தோப்பு வீட்டில் தனியாக இருந்தான். மின்விசிறிக்கு அடியிலும் அவனுக்கு வியர்த்தது.

முருகலட்சுமி நிதானமாகப் பேசினாள்.

"போன் அணையல. சிம்மைக் கழத்தியிருக்கான், வைஃபை மட்டும் ஓடுது. வெட்டவெளின்னா செயற்கைக்கோள் சிக்னலை வச்சு போனே இடத்தைக் கணக்குப் போடும். புள்ளி துல்லியமா நிக்கும். காங்கிரீட்டுக்குள்ள அது சரியா எட்டாது. பக்கத்து டவரையோ வைஃபை பெட்டியையோ வச்சுத்தான் இடம் பிடிக்கும். எந்தப் பெட்டி எங்கன இருக்குன்னு மேப்காரங்க முன்னமே குறிச்சு வச்சிருப்பாங்க. இங்க சிம் இல்லாததால டவர் உதவல. பெட்டி மட்டும்தான்."

"அந்தப் பெட்டி ஷார்ஜாவுல இருக்கா?"

"இருந்துச்சு. இடம் மாறினது மேப்புக்கு இன்னும் தெரியாது. அக்கம்பக்கத்துல வேற வைஃபையும் இல்ல, தனி வீடு." பாக்கர் பக்கம் திரும்பினாள். "அங்கேயிருந்து என்னெல்லாம் கொண்டாந்தீங்க?"

"அட்டைப்பெட்டி நெறைய கொண்டாந்தான்" என்றாள் மஜீதா. "ஊரே பார்த்துச்சு."

பாக்கர் தலை குனிந்தான். "பெட்டி கொறஞ்சா சிரிப்பாக லாத்தா. ரொப்புறதுக்கு ரூம்ல கெடந்த வைஃபை பெட்டியையும் திணிச்சேன். அதத்தான் தோப்பு வீட்ல மாட்டியிருக்கேன். அங்கன என்னைப் பூட்டி வச்சு வேலை வாங்குனாக. இதே ஏஜெண்டுதான். ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல. ஜாபர்கிட்டச் சொன்னேன். பயந்துட்டான். நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"புள்ளி மாறவே இல்ல" என்றாள் முருகலட்சுமி. "பையன் வாசலுக்குக்கூட வரல."

கடத்தல் இல்லை. மஜீதா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகமாட்டேன் என்று அவளிடம் சொல்லத்தான் பிள்ளை பயந்திருக்கிறான்.

தோப்பு வீட்டுக் கதவைத் தட்டினாள். 

"வாப்பா, உம்மாடா. பயணம் வேணாம்."

 குனிந்து, கதவுக்கு அடியில் பாஸ்போர்ட்டைத் தள்ளினாள். அது உள்ளே இழுபட்டது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

போனைப் பிடித்தபடி மகன் முற்றத்துக்கு வந்தான். அவள் கையிலிருந்த திரையில் நீலப்புள்ளி ஷார்ஜாவை விட்டுத் தாவியது. வட்டம் சுருங்கிச் சுருங்கி, அவர்கள் நின்ற தென்னையடியில் வந்து நின்றது.