ஹோமுக்குள் யாரோ இருக்கிறார்கள்

எல்லாவற்றையும் மூடிவிட்டு, பென்டிரைவிலிருந்துதான் கம்ப்யூட்டரில் லினக்ஸைத் தொடங்கியிருந்தான். அப்படியும் ஹார்ட் டிஸ்க்கில் அவனுடைய கோப்புகள் கிடக்கும் ‘ஹோம்’ பகுதியைச் சுருக்குவதற்காக விடுவிக்கப்போனால், திரை மறுத்தது. ஹோம் பயன்பாட்டில் இருக்கிறதாம்.

யார் பயன்படுத்துகிறார்கள்? பேயா பிசாசா? சிரித்துக்கொண்டான். டிஸ்க்கில் சிஸ்டம் இருக்கும் பகுதி கழுத்துவரை நிரம்பிவிட்டது, ஹோமில் இடம் கொட்டிக் கிடந்தது. இதைச் சுருக்கினால் அதற்குக் கிடைக்கும், அவ்வளவுதான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று ஒரு நினைப்பு. கட்டாயப்படுத்தி விடுவித்து, சுருக்கச் சொன்னான்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்த, மின்விசிறியின் முனகலுக்கு அடியில் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதே கரகரப்பு, ஈரச் சுண்ணாம்பு வாடையோடு, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்த மனைவி தூங்கும் உள்ளறையிலிருந்தும் கேட்டது.

"கட்டில இழுக்கிறியா?"

"நான் ஏங்க இழுக்கப்போறேன்? ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன், தூங்க விடுங்க."

கரகரப்பு நிற்கவில்லை. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

"என்னங்க... சுவர் முதுகுல இடிக்குதுங்க."

ஓடினான். உள்ளறைக் கதவு ஒரு சாண் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. கை மட்டும்தான் நுழைந்தது. அவள் விரல்கள் அதை இறுகப் பற்றின.

"எதையாவது பண்ணுங்க! மூச்சு முட்டுது!"

கையை உதறிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினான். ‘ரத்து’ பொத்தானை அழுத்தினான். ஒரு கேள்வி வந்தது.

இப்போது நிறுத்தினால் ஹோமில் இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும். நிறுத்தவா?

ஒயரைப் பிடுங்கினாலும் அதே கதிதான். அவனுக்குத் தெரியும். நிறுத்தவும் முடியவில்லை. விடவும் முடியவில்லை. அழுதான்.

"என்னங்க..."

கோடு நகர்ந்தது.

"என்ன..."

கரகரப்பு நின்றது. ஹோம் வெற்றிகரமாகச் சுருக்கப்பட்டது என்றது திரை.

திரும்பினான். கூடம் பெரிதாகியிருந்தது. அவன் இதுவரை பார்த்திராத வெறும் தரை, வெள்ளை வெளேரென்று. அதன் கோடியில் சுவர். கதவு இருந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு பிளவு. அதிலிருந்து நான்கு விரல்கள், காகிதம் போலத் தட்டையாக, வெளியே நீண்டிருந்தன.

அவன் கையைத் தேடி, இன்னும் அசைந்துகொண்டிருந்தன.