குருவின் ஒன்பதாம் பார்வை

"இந்த ஜாதகக்காரரைக் கட்டிக்கப் போறவ பாவம்!"

சொல்லிவிட்டுத்தான் கோதைநாயகி நிமிர்ந்தாள். மழையில் நனைந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தவன் தலை துவட்டுவதை நிறுத்தினான்.

"அந்தப் பாவப்பட்ட ஜாதகம் என்னுதுதாங்க..."

ஐயோ! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோதிடம் பார்க்கும் அவள் அப்பா சக்ரபாணி அன்று கான்சாபுரம் போயிருந்தார். அவர் இல்லாதபோது மகள் கட்டம் பார்ப்பது வழக்கம்தான். இப்படி உளறுவதுதான் வழக்கமில்லை.

அவன் பெயர் உப்பிலி. ராஜபாளையத்தில் டி.வி. ரிப்பேர் கடை. சோழபுரத்தில் பெண் இருப்பதாகப் பேச்சு தொடங்கியிருந்தது. ஜாதகத்தைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்களாம் வீட்டில்.

"ஏழாமிடத்துல செவ்வாய். பத்துல நிக்கிற சனியும் அந்த இடத்தைத்தான் பாக்குது. கல்யாண இடமே கெட்டுக் கிடக்கு."

"அம்புட்டும் கெட்டதுதானா? நல்ல கிரகம் ஒண்ணுகூடப் பாக்கலையா?"

இமையில் இன்னும் ஒரு மழைத்துளி... அந்தக் கண்களில் இருப்பது கேலியா, கவலையா? அவள் விரல் எந்தக் கட்டத்தில் நின்றதென்றே மறந்துபோயிற்று.

"ஒண்ணும் பாக்கலை! எனக்குத் தெரியாதா?" என்றாள் வெடுக்கென்று.

"சரிங்க... அப்படியே சொல்லிடுதேன்."

குடையில்லாமலே இறங்கிப் போனான்.

மறுநாள், நோட்டில் எழுதி வைத்திருந்த அவன் கட்டத்தைப் பிரித்தவளுக்குத் திக்கென்றது. பதினொன்றில் குரு! விரல் விட்டு எண்ணினாள். ஒன்பதாம் பார்வை நேராக ஏழாமிடத்தில் விழுந்தது. குரு பார்த்தால் தோஷம் அடங்கிவிடுமே... இது எப்படித் தப்பியது? தப்பியதா... இல்லை, சோழபுரத்துச் சம்பந்தம் கூடக்கூடாது என்று அவள் மனசுதான் மறைத்ததா? சீ! முன்பின் தெரியாத ஆளுக்காகவா?

போய்ச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒருவன் வாழ்க்கை. இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

திறந்து போட்ட டி.வி. பெட்டிகளுக்கு நடுவே அவனைக் கண்டதும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். குரு பாக்காரு. நல்ல ஜாதகம்... சோழபுரத்துல சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கத் திரும்பினாள்.

"நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேனே..."

"என்னாலதானா?" கண் நிறைந்துவிட்டது.

"உங்களாலதான். ஜாதகத்தால இல்ல."

அவள் விழித்தாள். அவனும்தான்.

"எனக்கே விளங்கலங்க. கல்யாணம் கஷ்டம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதீங்க... பஸ்ஸுல உக்காந்தா சந்தோசமா இருக்கு! பொறவுதான் தெரிஞ்சுது, வழி முழுக்க உங்களையே நெனச்சுக்கிட்டு வந்திருக்கேன்னு. உங்க அப்பாகிட்ட வந்து கேக்கட்டுமா?"

கோதைக்குக் கன்னம் சுட்டது. ஓடிவிடலாமா? கால் நகரவில்லை.

"அன்னைக்கு நான் கட்டத்தை எண்ணவே இல்ல..." என்றாள், தரையைப் பார்த்தபடி. "உங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

பிறகு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுலதான் இருப்பாக... வாங்க."