இடது வாசல்

“நால்வரும் இடது வாசலையே விரும்புகிறார்கள்” என்று காதுக்குள் குறிப்புணரி கிசுகிசுத்தது.

கிரிஷிமா சாயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி மூன்று சுற்றுகளிலும் அந்த இடது வாசலில்தான் அவளோடு சேர்த்து அணியின் ஐவரும் சுடப்பட்டு விழுந்தார்கள். கணினித் திரையில் நடக்கும் சாவுதான், ஆனாலும் கோபே நகரத்து அரங்கமே நேரில் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரணியான புசான்காரர்கள் இந்நேரம் அங்கே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

இரண்டு அணிகளும் சமநிலையில் இருந்தன. மிச்சம் ஒரே ஒரு சுற்று. சாயோவின் வெண்கொக்கு அணி கோட்டைக்குள் புகுந்து குண்டு வைக்க வேண்டும். புசான் அணி தடுக்க வேண்டும். வென்றால் கோப்பை, கூடவே ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடத்துக்குத் தானாக நீளும். சாயோ பயந்தது அந்த மூன்று வருடத்துக்குத்தான். அவளுக்கு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். மணிக்கட்டு வலிக்கிறது, மனம் அதைவிட வலிக்கிறது. ஆனால் அணித்தலைவி விலகினால் நான்கு பேரின் கனவு உடைந்துபோகும். அவர்கள் தொடரவே விரும்புகிறார்கள் என்று குறிப்புணரி தினமும் காலையில் சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்தவர் மனதில் இருப்பதை வாய்விட்டுக் கேட்க ஜப்பானியர்களுக்கு என்றைக்குமே கூச்சம். கேட்காமலே புரிந்துகொள்வதுதான் அங்கே நாகரிகம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு கருவி கிடைத்தால் விடுவார்களா? மூச்சின் வேகத்தையும் வியர்வையையும் இமைத் துடிப்பையும் படித்து, எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடும் இந்தக் கடலைப்பருப்பு அளவுக் கருவியை நாடே காதில் மாட்டிக்கொண்டது. உணவகத்தில் என்ன சாப்பாடு என்பதிலிருந்து யாருக்கு யாருடன் கல்யாணம் என்பது வரை கேள்வியே இல்லாமல் முடிவானது. துப்பாக்கி ஆட்டக்காரர்களுக்கோ இது வரப்பிரசாதம். கத்தாமலே ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பலாம்.

ஒன்றாகத் திரும்பி, ஒன்றாகச் சாகவும் செய்தார்கள்.

சாயோ சட்டென்று குறிப்புணரியைக் கழற்றி மேசையில் வைத்தாள். செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரியான மரியாதைக்கேடு அது. பக்கத்து நாற்காலியில் இருந்த முராய் திடுக்கிட்டுத் திரும்பினான். குறி தப்பாமல் சுடுகிறவன், சுடும்போதுகூட வியர்க்காதவன். அவன் நெற்றியில் இப்போது வியர்வை.

“கேப்டன், என்ன பண்றீங்க?”

“வாயால கேக்கறேன், மன்னிச்சுக்குங்க. உங்கள்ல யாருக்கு நிஜமாவே இடது வாசல் பிடிச்சிருக்கு?”

சுற்று தொடங்க மணி அடித்தது. முராய்தான் முதலில் தொண்டையைக் கனைத்தான்.

“எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“எனக்கும் பிடிக்காது” என்றாள் ஓரத்தில் இருந்த தொகிதா. “முராய்-சானுக்குத்தான் பிடிக்கும்னு...”

மற்ற இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். யாருக்குமே பிடிக்காத வாசலில்தான் இந்தப் பருவம் முழுக்க முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! சாயோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “அப்ப வலது” என்றாள். வலது வாசலில் காவலுக்கு இருந்தவன் ஒரே ஒருத்தன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள், குண்டை வைத்தார்கள், கோப்பையைத் தூக்கினார்கள்.

தூக்கிய பிறகுதான் சாயோவுக்கு மூன்று வருடம் ஞாபகம் வந்தது.

ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், பயிற்சி அறைக் கணினிகளுக்கு நடுவே தன்குறைக் கூட்டம் உண்டு. ஆளுக்கொரு தவறைச் சொல்லித் தலை வணங்க வேண்டும். அணியின் உரிமையாளர் ஒனோதெரா நீட்டித்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் கெடுக்கச் சாயோவுக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது.

“ஒரு நிமிஷம்” என்று ஒரு பிரம்புக் கூடையை நடுவில் வைத்தாள். “எல்லாரும் காதுல இருக்கறதக் கழட்டி இதுல போடுங்க.”

போட்டார்கள். ஒனோதெராவும் தயங்கிவிட்டுப் போட்டார்.

“என் தவறு இது. ரெண்டு வருஷமா இந்த ஆட்டத்தை விட்டுடணும்னு இருக்கேன். உங்க மனசு உடையுமேன்னு மறைச்சேன். என்னை மன்னிச்சிடுங்க.”

தரையைப் பார்த்துக் குனிந்தே இருந்தாள். திட்டுவார்கள், இல்லையென்றால் அழுவார்கள் என்று காத்திருந்தாள். கேட்டது ஒரு நீண்ட பெருமூச்சு.

“அப்பாடா!” என்றான் முராய். “எங்கண்ணன் ரொட்டிக்கடைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். உங்களை நட்டாத்துல விட்டுட்டுப் போக முடியலையேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்.”

தொகிதா பேச ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவளுக்குப் படிப்பைத் தொடர வேண்டும். மற்ற இருவருக்கும் அதே கதைதான். ஒருவர் மற்றவருக்காகப் பொறுத்துக்கொண்டதையெல்லாம் அந்தக் கடலைப்பருப்பு விருப்பம் என்று எண்ணிக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், விட்டுக்கொடுப்பதற்கும் வேண்டும் என்பதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்து பேரும் ஒனோதெராவைப் பார்த்தார்கள். அவர் ஒப்பந்தத்தை நிதானமாக நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“போன வருஷமே அணியை மூடியிருப்பேன். நீங்கல்லாம் இதுக்காகவே உயிரோட இருக்கீங்கன்னு அது சொல்லுச்சு” என்றார். குனிந்து வணங்கியவருக்கு நிமிர்ந்தபோது பத்து வயது குறைந்தாற்போல இருந்தது.

சாயோவுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போயிருந்தது. மணிக்கட்டு வலியைக்கூடக் காணோம். முராய் மூக்கைச் சிந்தினான், தொகிதா கண்ணீரோடு சிரித்தாள். ஒனோதெரா எல்லோருக்கும் தேநீர் சொல்லப் போனார். எல்லாம் பேசி முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. முராய் கடிகாரத்தைப் பார்ப்பதும், தொகிதா பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்கள்.

கூடையில் கிடந்த குறிப்புணரிகள் தங்கள் வேலையை விடவில்லை. சாயோ குனிந்து காது கொடுத்தாள். எல்லாம் ஒரே குரலில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தன: “மற்றவர்கள் வீட்டுக்குப் போக விரும்புகிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போக விரும்புகிறார்கள்.”

அவள் கூடையின் மேல் தன் மேல்சட்டையைப் போட்டு மூடினாள்.

“ஒரு ஆட்டம் போடலாமா?” என்று கேட்டாள். “கோப்பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா.”

அவள் கேட்டு முடிப்பதற்குள் நான்கு நாற்காலிகள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டன.