விரல் மேல் தப்பில்லை

மூன்று மாதங்களுக்குப் பிறகு லோஷினியின் அப்பா கனகராஜ் கிட்டாரைக் கையில் எடுத்தார்.

மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் அவருடைய இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த நாளிலிருந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தார். புந்தோங்கில் அவர்கள் தெருவில் பிறந்தநாளோ கல்யாணமோ, கனகராஜின் கிட்டார் இல்லாமல் நடக்காது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். லோஷினி மட்டும் கதவோரம் நின்றாள்.

அப்பா கம்பிகளை மீட்டினார்.

'கர்ர்ர்ர்...'

டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம். அப்பா விரல்களை இன்னும் அழுத்தி வைத்து மீட்டினார். மறுபடியும் 'கர்ர்ர்'. நாலாவது தடவையோடு நிறுத்திவிட்டார்.

"கம்பிய முன்ன மாதிரி அமுக்க முடியல. விரல் போச்சுலா," என்றார்.

"கொஞ்ச நாள் போகட்டுங்க," என்றார் அம்மா.

"எத்தன நாளு? பேசாம ரூபனுக்குக் கொடுத்துடலாம். சாயந்தரம் வந்து எடுத்துக்கச் சொல்றேன்."

ரூபன் அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வெளியே போய், காலையில் கழுவிய மோட்டாரையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

லோஷினி கிட்டாரைப் பார்த்தாள். போன மாதம் அலமாரி மேலிருந்து பேட்மிண்டன் மட்டையை எடுக்கும்போது, அவள் கை பட்டுக் கிட்டார் கீழே விழுந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே மேலே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அவள் வெளியே ஓடினாள்.

"அப்பா, உங்க விரலுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கிட்டாரக் கீழ போட்டுட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

அப்பா குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பா கவலப்படக் கூடாதுன்னு சொல்றியா?"

"இல்லப்பா, நெஜமா!"

"நானும் பாத்தேனே. கிட்டார்ல ஒரு வெடிப்புகூட இல்ல." ஈரக் கையால் அவள் தலையைத் தடவிவிட்டு, அப்பா மறுபடியும் குழாயைத் திறந்தார்.

உண்மையைச் சொல்லத்தான் இத்தனை நாள் பயந்தாள். இப்போது சொல்லியும் அவர் நம்பவில்லை!

லோஷினி உள்ளே வந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கேயும் அமுக்காமல், தடித்த கம்பியை மட்டும் கட்டைவிரலால் தட்டினாள்.

'கர்ர்ர்...'

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பியை அமுக்கும் இடது கைக்கு இதில் வேலையே இல்லையே! பிறகு ஏன் இந்தச் சத்தம்?

கம்பியைத் தட்டிக்கொண்டே கிட்டாரின் உடம்பில் ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்த்தாள். மேலே அமுக்கினாள், கர்ர்ர். ஓரத்தில் அமுக்கினாள், கர்ர்ர். வட்டத் துளைக்குக் கொஞ்சம் கீழே அமுக்கினாள்.

'தொம்ம்ம்.'

கையை எடுத்தாள். கர்ர்ர். வைத்தாள். தொம்ம்ம்.

"அப்பா! ஓடி வாங்க!"

அப்பா கையெல்லாம் சோப்பு நுரையோடு வந்தார்.

"இப்ப யாரு விரலு கம்பிய அமுக்குது?" என்று கேட்டுக்கொண்டே லோஷினி கம்பியைத் தட்டினாள்.

"யாரும் அமுக்கல."

"சத்தம் வருதா?"

"வருது."

"இப்ப இங்க கைய வைக்கிறேன்..."

அப்பாவின் கண்கள் விரிந்தன. அம்மாவின் சின்ன முகக்கண்ணாடியைத் துளைக்குள் விட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார். மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த மெல்லிய மரச்சட்டம் ஒரு முனையில் விட்டுப்போயிருந்தது.

"கம்பி அதிர்ந்தா பலகையும் சேந்து அதிரும். அதுலதான் நல்ல சத்தமே வருது. இந்தச் சட்டம் பசை விட்டுப்போயி, பலகையில மோதிக்கிட்டே இருக்கு." அவர் லோஷினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ஒரு மாசமா இதத் தனியாவா மனசுல வச்சிருந்தே?"

லோஷினி தலையாட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்பாவின் சட்டைதான் துடைத்தது.

கம்பிகளைத் தளர்த்தினார்கள். அப்பாவின் கை துளைக்குள் நுழையவில்லை. லோஷினியின் கை நுழைந்தது. ஐஸ்கிரீம் குச்சியில் மரப்பசையை எடுத்து, தடவித் தடவிச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் பூசினாள்.

"இடது பக்கம்... என் இடது இல்லம்மா, உன் இடது!"

"சீக்கிரம் கைய எடு. ஒட்டிக்கிட்டா நாளான்னிக்கு ஸ்கூலுக்குக் கிட்டாரோடதான் போகணும்," என்றார் அம்மா.

சட்டம் நகராமலிருக்க, அப்பா அளவாக வெட்டிக் கொடுத்த மரத்துண்டை அவள் உள்ளே முட்டுக் கொடுத்தாள்.

சாயந்தரம் ரூபன் வந்தார். "கிட்டார் கெடையாது மச்சான், தேத்தண்ணிதான் இருக்கு," என்றார் அப்பா. ரூபன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் மரத்துண்டை எடுத்துவிட்டுக் கம்பிகளை முறுக்கினார்கள். அப்பா வாசிக்கத் தொடங்கினார். வண்டு போயே போய்விட்டது. சத்தம் கணீரென்று வீடெல்லாம் நிறைந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

திடீரென்று நடுவில் 'டிங்' என்று ஒரு தப்புச் சத்தம்.

லோஷினி பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

"இது கிட்டார் இல்லம்மா, நான்தான்!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்து, பாட்டை முதலிலிருந்து வாசித்தார்.