பேச்சுக் கேட்காத கை

தன் கொண்டையைப் பற்றியிருந்த கையின் கட்டைவிரலை முதலில் பிடித்துப் பின்னுக்கு வளைத்தாள் பாக்கியலட்சுமி. விட்டது. ஆள்காட்டி விரலும் விட்டது. மற்ற மூன்று விரல்களும் கொண்டையைக் கொத்தாகப் பற்றி, அவள் தலையைப் பலகைச் சுவரில் இன்னொரு முறை மோதின. நெற்றி பிளந்தது. ரத்தம் புருவத்தில் சூடாக இறங்கியது.

"நான் இல்ல பாக்கியம்," என்று கட்டிலில் கிடந்தபடி அழுதான் அவள் புருஷன் பொன்னுதுரை. "கைதான். இழுத்து விடு. ஒடிஞ்சாலும் பரவாயில்ல."

சுண்டுவிரலை முழுப் பலத்தோடு திருகினாள். கை தளர்ந்து கட்டிலில் விழுந்தது. விரல்களுக்கிடையே வேரோடு பிடுங்கிய முடி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். உள்ளே ஆறு மாதப் பிள்ளை உதைத்தது. உயிரோடுதான் இருக்கிறது.

மூன்று வாரம் முன்பு சரக்குக் கிட்டங்கியில் நாகப்பட்டினத்து மிளகாய் மூட்டையைப் பிரிக்கையில் அவனைத் தேள் கொட்டியது. மலாக்காக்காரர்களுக்குத் தேள் என்றால் கருந்தேள். உள்ளங்கை அகலம் இருக்கும், ஒரு நாள் கடுக்கும், போய்விடும். இதுவோ கப்பலேறி வந்த செந்தேள், சுண்டுவிரல் நீளம். கூட இருந்தவர்கள் சுண்ணாம்பு தடவி, இத்தனூண்டுப் பூச்சிக்கா அழுகிறாய் என்று கேலி பேசி, மிச்ச மூட்டைகளையும் அவனையே இறக்க வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வேர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, வாய் கோணி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் நல்லையா தமிழில் பொன்னுதுரைக்குச் சொன்னார். பொன்னுதுரை வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொன்னான். விஷம் மூளையில் ரத்தத்தை உறைய வைத்துவிட்டது, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது, இனி ஒரு கை தன் பேச்சைக் கேட்காது என்று.

இடக்கை ஈரத்துணி போலத் தொங்கியது. வலக்கை அலைந்தது. ஒன்றைக் கொன்ற விஷம் மற்றதில் குடியேறிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். முதல் நாள் கை தட்டை எறிந்தது. பிறகு கொதிக்கும் கஞ்சியை அவள் காலில் கவிழ்த்தது. கிளேபாங்கிலிருந்து பார்க்க வந்த அக்காள் மல்லிகாவின் கன்னத்தில் பாக்குக் கத்தியை இறக்கியது. மல்லிகா ரத்தத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டு, இப்போதே கிளம்பு, பிள்ளையைக் கொன்றுவிடும் என்று பாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பதினோரு வருஷத்துல ஒரு அதட்டல் போட்டதில்ல அவரு," என்றாள் பாக்கியம். "கை செய்யிறதுக்கு அவர எப்படிக்கா விட்டுட்டு வர்றது?"

இப்போது மணி நாலுதான். ஆனால் மழை இறங்கி, தகரக் கூரை இரைந்து, வீட்டுக்குள் விளக்கில்லாத இருட்டு கட்டி நின்றது. அவன் சட்டையிலிருந்து இன்னும் போகாத மிளகாய் நெடியும், தைல வாசமும், அவள் ரத்தத்தின் இரும்பு வாசமும் அந்த இருட்டில் ஒன்றாகக் கலந்தன. சேலையைக் கிழித்தாள். வலக்கையைக் கட்டில் காலோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டாள். அவன் "இறுக்கிக் கட்டு, இன்னும் இறுக்கு" என்று தேம்பினான்.

கை சும்மா கிடந்தது. பிறகு நகம் பலகையைச் சுரண்டியது. நின்றது. சுரண்டியது.

ஜன்னல் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். நல்லையா. குடையோடு கம்பிக்கு வெளியே நின்றார். மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கொடிக்கம்பம் நடுவதால் தெருவை அடைத்துவிட்டார்கள், பின்பக்கமாக வந்தேன், மாமாவுக்கு எப்படி இருக்கு என்றவர், அவள் நெற்றியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, கஞ்சி, கத்தி. இப்போது தலை.

அவர் கம்பியருகே வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எந்தக் கை அக்கா?"

"வலது. கட்டி வச்சிருக்கேன்."

நல்லையா கம்பியைப் பிடித்தார். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, கத்தாம வெளிய வந்துருங்க. கதவத் திறந்துட்டு மெதுவா வந்துருங்க."

கதவு கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சுரண்டல் நின்றிருந்தது. தேம்பலும்.

"டாக்டர் சொன்னது தொங்குற கைய," என்றார் நல்லையா. "வலக்கைக்கு ஒண்ணுமே இல்லக்கா. அது மாமா சொல்றதத்தான் செய்யிது."

பாக்கியம் திரும்பினாள்.

பொன்னுதுரை கட்டில் காலுக்குக் குனிந்திருந்தான். முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்தான். விரல்கள் துணியைத் தளர்த்திக் கொடுத்தன. மறுபடி பல். மறுபடி விரல். அவசரமே இல்லை. இரண்டு முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தான்.

கண்ணில் ஈரமே இல்லை.