பதினான்கு கிராம்

நேற்று வரை பதினொரு கிராம் இருந்த அம்மாவின் கட்டி இன்று பதினான்கு கிராம் என்றது திரை.

கழுத்திலிருந்து வெட்டி எடுத்து எட்டு நாளாக, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறிக் கிடக்கும் சதை அது. சுருங்கலாம், வெளுக்கலாம், வளர வழியே இல்லை. எடையைப் பதிவதும் ஜாடி லேபுக்கு வந்து சேரும் அன்று ஒரே ஒரு முறைதான். லேபுக்காகத் தான் எழுதிய புரோகிராமில் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே இருந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவளுக்கு ஒதுக்கியிருந்த பின்னறையில் சன்னல் என்ற பெயரில் ஒன்று இருந்தது. அதையும் பெயின்ட் அடித்து ஒட்டிவிட்டிருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் கை நீட்டினால் எட்டும் அலமாரியில் அடுக்கடுக்காக ஜாடிகள், அவற்றுக்குள் ஊரார் உடம்பிலிருந்து கழன்ற துண்டுகள். ஃபார்மலின் நெடி மூன்று மாதத்தில் பழகிப்போயிருந்தது. இன்று அந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, வெதுவெதுப்பாக, கழுவாத தொப்புளை விரலால் நோண்டி முகர்ந்தது போல மதியத்திலிருந்தே மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

லேப் உதவியாளர் பஞ்சு அண்ணனிடம் மறுபடி எடை போட்டாரா என்று கேட்டாள். மூக்கில் பஞ்சு அடைத்தே வேலை பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"வந்ததத் தொடுறதுக்கே மூக்க அடைச்சுட்டு நிக்கிறேன். தினம் எடை போட இது என்ன உன் கல்யாண நகையா?"

அவர் முன்பக்கம் போய்விட்டார். அவள் மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள். எந்த எண்ணில் எது மாறினாலும், யார், எப்போது மாற்றினார்கள் என்று தானாகக் குறித்து வைக்கும் டேபிள் அது. அம்மாவின் எண் 417. இன்று எடை மாறிய நேரம் இருந்தது. மாற்றியவர் பெயர் இருக்கும் இடம் காலி.

கீழே இன்னும் வரிகள் இருந்தன. அதே 417. வேறு ஆட்கள்.

ஒரே எண் பல பேருக்குப் போயிருந்தது. அது அவள் செய்த வேலை. ஒருவருக்குக் கொடுத்த எண்ணை, அவர் பதிவை நீக்கினாலும், இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. டேட்டாபேஸ் படிப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. லேப் முதலாளியான டாக்டருக்கோ இறந்தவர்கள் பெயர் திரையில் தெரியக் கூடாது, நடுவில் எண்ணும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் ஆய்வுக்கு வருபவன் நோண்டுவானாம். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், முதல் வேலை. வாயை மூடிக்கொண்டு, காலி எண்ணைத் தேடிப் புதியவருக்குக் கொடுக்கும் நாலு வரியை எழுதிக் கொடுத்தாள். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், என் பொண்ணு கம்ப்யூட்டருக்கே வேலை சொல்றவ என்று.

417-இல் முதல் ஆள், ஒரு டிரைவர். இரண்டு கிராமில் வந்தது ஐந்தானது. மறுநாள் பதிவு நீக்கம்: மரணம்.

அடுத்து ஒரு டீச்சர். வந்தபோதே ஐந்து. எட்டானது. மறுநாள் நீக்கம்.

ஒரு தையல்காரர். எட்டு. பதினொன்று. நீக்கம்.

அம்மா பதினொன்றில் வந்திருக்கிறாள்.

பழக்கம் விடவில்லை. முதலில் பேக்கப் எடுத்தாள். அந்த நாலு வரியை அழித்தாள், இனி 417 யாருக்கும் போகக் கூடாது. மாற்றப்போவது ஒரே ஒரு வரியைத்தானா என்று தேடிப் பார்த்து உறுதிசெய்தாள். அம்மாவின் எண்ணை 902 ஆக்கினாள்.

ஒரு வரி மாறியது என்றது திரை.

மூச்சு விட்டாள். 902. அம்மாவின் பெயர். கழுத்துக் கட்டி. எடை பதினான்கு.

கண்ணெதிரே பதினான்கு பதினைந்தானது.

லேபிள். ஜாடியில் இன்னும் 417 என்ற லேபிள்தான் ஒட்டியிருக்கிறது. அதனால்தான். அதனால் மட்டும்தான். புதியதை அச்சடித்து எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள்.

அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது. ஜாடியில் ஃபார்மலின் ஒரு சொட்டு இல்லை. நெல்லிக்காய் அளவில் வந்தது இப்போது கண்ணாடியை விளிம்புவரை அடைத்துக்கொண்டு நின்றது. மஞ்சளாக. மயிர்க்கால்களோடு. அங்கங்கே எண்ணெய் கசிந்தது.

குமட்டலை விழுங்கிக்கொண்டு லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வந்தது. இழுத்தாள். கூடவே ஏதோ வந்தது, மெல்லிசாக, ஈரமாக. லேபிளுக்கு அடியில் கண்ணாடி இல்லை. சிவந்த தோல். முத்து முத்தாக ரத்தம்.

போன் அடித்தது. அம்மா.

"பாப்பா, வேலையா இருக்கியா? தையல் போட்ட இடத்துல யாரோ தோல உரிக்கிற மாதிரி இருக்கு. தாங்க முடியல."

லேபிளை அப்படியே திருப்பி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"ம்... இப்ப இதமா இருக்கு. கைய எடுக்காத."

யார் கை என்று அவள் கேட்கவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் சூடாக ஒன்று திறந்தது. பல் இல்லாத ஈறு. மெதுவாகச் சப்பத் தொடங்கியது.

போனில், அம்மா மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.